பெயரை மூடிப் படித்த ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, தேர்தலுக்காக நீங்கள் செய்துகொண்டிருப்பதைக் காட்டினீர்கள். கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று விரலால் தொட்டுக்கொண்டே போனால் எந்தக் கட்சி நமக்கு எவ்வளவு பொருத்தம் என்று போனே சொல்லிவிடுகிறது. எனக்குக் கை பரபரத்தது. இரண்டு தடவை பதில் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் வேறு வேறு கட்சி வந்தது. அதை வெளியே சொல்லிவிடாதீர்கள். பிறகு காபி கொடுத்து, "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி மேடம் செஞ்சீங்க?" என்று கேட்டீர்கள். கேட்ட தொனியில், 'செய்திருக்க மாட்டீர்கள்' என்பதும் கொஞ்சம் இருந்தது.

செய்தோம் கண்ணுகளா. மதுரையில், ஒரு கல்யாண மண்டபத்தில், நான்கு நாற்காலியும் ஒரு மைக்கும் போட்டு, நகரம் முழுக்கப் பார்க்க நேரலையில் செய்தோம். நான்தான் நடத்தினேன். அன்று நான் பண்ணிய தப்புகளைச் சேர்த்து எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நாடாளுமன்றத் தேர்தல் ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நின்றது. நான் அப்போது உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் செய்தி வாசித்தேன். அதற்கு முன் டுடோரியலில் அரசியல் அறிவியல் நடத்தியவள் என்பதால் சேனலில் எல்லோருக்கும் நான் டீச்சர். முதலாளியை ஊரே கேபிள் அண்ணன் என்று கூப்பிடும். அவர் ஆண்கள் எல்லோரையும் மாப்ள என்பார், சோதனைக்கு வருகிற அதிகாரி உட்பட.

நான்கு கட்சிக்காரர்களையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, ஒரே கேள்வியைக் கேட்டு, ஜனங்கள் பதிலை ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்றேன். அண்ணனுக்கு வியர்த்துவிட்டது.

"டீச்சர், என் வயரு எல்லாம் இவுக தெருவு மேலதான் போகுது. எவனாவது கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனான்னா, நாளைக்குக் காலைல ஒரு வயரும் இருக்காது."

"யாரும் எழுந்து போக மாட்டாங்க அண்ணே. நான் பொறுப்பு."

"சரி. ஆனா நான் பக்கத்துல ஒரு காமெடிப் படக் கேசட்டைப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒருத்தன் எந்திரிச்சாலும் உங்க நிகழ்ச்சி கட். படம் ஓடும். அதுக்கப்புறம் எலெக்சன், ஒப்பீடுன்னு எங்கிட்ட வரக்கூடாது."

அப்படி ஓர் ஒப்பந்தத்தில்தான் தொடங்கினோம்.

கேள்விகளைப் போஸ்ட்கார்டில் அனுப்பச் சொன்னோம். வந்து குவிந்தன. அதிலிருந்து நான்கை எடுத்தேன். கொட்டாம்பட்டியில் நிலக்கடலை போடும் விவசாயி ஒருவர், வெளிநாட்டுப் பாமாயிலை இப்படி இறக்கினால் தன் கடலைக்கு விலை எப்படி வரும் என்று கேட்டிருந்தார். காஸ் இணைப்புக்குப் பதிந்துவிட்டு எத்தனை வருஷம் காத்திருப்பது என்று மட்டும் ஒரு கட்டு கார்டு. மற்ற இரண்டும் அகல ரயில் பாதையும் கப்பலூர் சிறு தொழிற்சாலைகளும்.

அடுத்தது, கட்சிகளின் தேர்தல் அறிக்கையிலிருந்து பதில் எடுப்பது. நீங்கள் யாராவது ஓர் அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறீர்களா? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். நான் நான்கையும் படித்தேன். ஒரு பதிலைக் கண்டுபிடிப்பதற்குள் பத்து அடைமொழியைத் தாண்ட வேண்டியிருந்தது. அதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழி கிடைத்தது.

நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீடு மகால் பக்கம். தெருவில் இறங்கினால் தமிழ், அடுப்படியில் எங்கள் மொழி. அதில் நான் கல்யாணப் பேச்சு கேட்டிருக்கிறேன், சண்டை கேட்டிருக்கிறேன், விலை பேசிக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் அதில் மேடைப்பேச்சு பேசியதில்லை. அறிக்கையில் ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் எங்கள் மொழியில் சொல்லிப் பார்ப்பேன். 'தாய்க்குலத்தின் கண்ணீர் துடைக்கும் வரலாற்றுச் சிறப்புமிக்க' என்கிற இடத்தில் நாக்கு நின்றுவிடும். அம்மா அரிசி களைந்துகொண்டே, "அது கிடக்கட்டும். காஸ் தருகிறானா, இல்லையா?" என்பாள். அந்தக் கேள்விக்கு எது பதிலோ, அதை மட்டும் மறுபடி தமிழில் எழுதுவேன். இரண்டு வரி, மூன்று வரிதான் மிஞ்சும். எட்டு நாள் இப்படி வேலை பார்த்தேன். என் வாழ்நாளில் அத்தனை உற்சாகமாக வேறெந்த வேலையும் பார்த்ததில்லை.

கட்சிக்கு ஒரு தாள். மேலே கட்சிப் பெயர், நடுவே நான்கு பதில், கீழே கையெழுத்துப் போட இடம். ஒவ்வொரு கட்சி அலுவலகத்துக்கும் நானே போனேன். 'எங்கள் அறிக்கையில் உள்ளது இதுதான்' என்று பொறுப்பில் இருப்பவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

இங்கேதான் பகுதி வருகிறார். கட்சிப் பொறுப்பையே பெயராக்கிக் கூப்பிடுவது நம் வழக்கம் இல்லையா? வட்டச் செயலாளர் வட்டம், மாவட்டச் செயலாளர் மாவட்டம். இவர் பகுதிச் செயலாளர், ஆகவே பகுதி. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல், தோளில் கரைபோட்ட துண்டு. எங்கள் பக்கத்தில் அவரிடம் ஒரு காகிதமாவது கொடுக்காத வீடு கிடையாது. தாளை நீட்டினேன். டீக் கிளாசை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"டீச்சர் எழுதுனா சரியாத்தேன் இருக்கும்" என்று சொல்லிப் படிக்காமலே கையெழுத்தைப் போட்டார்.

"படிச்சுப் பாத்துருங்க அண்ணே."

"அட, எங்க கட்சி எங்களுக்குத் தெரியாதா?"

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். இந்தக் கடிதத்தில் நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. கைப்பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டு காஸ் விண்ணப்பம். அன்றைக்கு எம்.பி.க்களுக்கு என்று காஸ் கூப்பன் உண்டு. அது கையில் இருந்தால் வரிசையைத் தாண்டிப் போகலாம். அவர்கள் கட்சி எம்.பி. கூப்பனுக்கு வழி பகுதிதான். அம்மாவுக்கு இளைப்பு. மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் புகையில் அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது. "எலெக்சன் முடியட்டும், மொதக் கூப்பன் டீச்சருக்குத்தேன்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் அதைக் கேபிள் அண்ணனிடம் சொல்லவில்லை. மேடையில் நான்கு பேருக்கும் பொதுவாக நிற்கப் போகிறவள், அதில் ஒருவரிடம் கூப்பன் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. மண்டபம் நிறைந்துவிட்டது. நான் எதிர்பார்க்கவே இல்லை. பெண்கள் அவ்வளவு பேர் வருவார்கள் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. மாட்டுத்தாவணியில் பஸ் இறங்கி நேராக வந்தவர்கள் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். கொட்டாம்பட்டி விவசாயியும் தன் கேள்வியைக் காதால் கேட்க வந்து முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார். மேடையில் பகுதி, அடுத்த கட்சிக்கு ஒரு வக்கீல், மூன்றாவது கட்சிக்குக் கப்பலூர்த் தொழிற்சங்கக்காரர் ஒருவர். நான்காவது நாற்காலி காலி. அந்தக் கட்சிக்காரர் கையெழுத்தெல்லாம் போட்டுக் கொடுத்தவர்தான். மேலிடத்தில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், மூன்றரை மணிக்கு ஆள் அனுப்பித் தெரிவித்தார். மேடையின் ஓரத்தில் கேபிள் அண்ணன், வீடியோ டெக்கின் மேல் கையை வைத்தபடி.

முதல் கேள்வி பாமாயில். ஆளுக்கு இரண்டு நிமிடம். பகுதி மைக்கைப் பிடித்தார். அவைத் தலைவர் அவர்களே, கேபிள் உரிமையாளர் அவர்களே, மாற்றுக் கட்சி நண்பர் வழக்கறிஞர் அவர்களே, தாய்மார்களே, மண்டபத்தின் உரிமையாளர் அவர்களே, ஒலிபெருக்கி அமைத்த தம்பி அவர்களே. நான் மணி அடித்தேன்.

"இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே டீச்சர்!"

உண்மைதான். இரண்டு நிமிடம் 'அவர்களே'யிலேயே முடிந்திருந்தது. வக்கீல் 'அவர்களே'யைச் சுருக்கிக்கொண்டு, மிச்ச நேரம் முழுக்கப் பகுதியின் கட்சித் தலைவரைத் திட்டினார். தொழிற்சங்கக்காரர் பாமாயில் என்று தொடங்கிக் கப்பலூரில் நடந்த ஒரு வேலைநிறுத்தத்தில் போய் நின்றார். முதல் வரிசையில் கொட்டாம்பட்டிக்காரர் எழுந்துவிட்டார்.

"அம்மா, எல்லாரும் பேசிட்டாக. என் கடலை என்னாச்சு?"

மண்டபம் சிரித்தது. நான்காவது நாற்காலி பாக்கி இருந்தது. வராதவர்களை என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறதே, அதை வாசித்துவிடுவோம் என்று எடுத்து வாசித்தேன். பாமாயில் இறக்குமதிக்கு இத்தனை வரி போடுவோம், கடலை விலை இதற்குக் கீழே இறங்கினால் வரியை ஏற்றுவோம். மூன்றே வரி. பல வருஷம் டிக்டேஷன் போட்ட குரல் எனக்கு. மணி மணியாக விழுந்தது. கொட்டாம்பட்டிக்காரர் கை தட்டினார். பிறகு மண்டபமே தட்டியது. நானும் சந்தோஷத்தில் ஒரு புன்னகை வேறு பூத்துவிட்டேன்.

பகுதி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"என்ன டீச்சர் இது? வராதவனுக்கு நீங்க வக்காலத்தா? வந்தவன் எல்லாம் கேனப்பயலா? நீங்க எந்தக் கட்சி, மொதல்ல அதைச் சொல்லுங்க!"

வக்கீலும் எழுந்துவிட்டார். "திஸ் இஸ் நாட் ஃபேர்" என்றார். தொழிற்சங்கக்காரர் எழவில்லை, ஆனால் செருப்பைத் தேடிக் காலால் துழாவினார். கேபிள் அண்ணனின் விரல் பட்டனுக்கு மேலே வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவருடைய வயர் அத்தனையும் தெரிந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் நமக்கு முதலில் வருவது நியாயம் பேசும் ஆசை. 'அவர்கள் வராததற்கு நான் என்ன செய்ய? இரண்டு நிமிடத்தில் நீங்கள் பதில் சொல்லியிருக்கலாமே?' என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பகுதி சொன்னது சரி. வந்த மூன்று பேரும் தங்கள் வாயால் தட்டுத் தடுமாறிக்கொண்டிருக்கும்போது, வராதவருக்கு நான் பயிற்சி பெற்ற குரலைக் கடன் கொடுத்துவிட்டேன். ஒப்பீடு என்று கூப்பிட்டுவிட்டுத் தராசின் ஒரு தட்டில் நானே ஏறி உட்கார்ந்திருக்கிறேன். மைக்கை எடுத்தேன்.

"பகுதி அண்ணன் சொல்றது சரி. தப்பு என்னுது."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. மைக்கில் ஒருவர் தப்பு என்னுது என்று சொல்லி அவர் அதுவரை கேட்டதே இல்லை போலிருக்கிறது. அடுத்து என்ன கத்துவது என்று தெரியாமல் நின்றார்.

"அடுத்த கேள்வி காஸ் இணைப்பு. அதுக்கு நாலு கட்சிப் பதிலையும் நானே வாசிக்கிறேன், ஒரே குரல்ல. கட்சிப் பேரை மூடிட்டு வாசிக்கிறேன். நாலையும் கேட்டுட்டு நீங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பதிலைப் பத்தியும் பேசுங்க. கடைசியில பேரைத் திறப்போம். சம்மதமா?"

முன்கூட்டி யோசித்த திட்டமெல்லாம் இல்லை. பேசப் பேச வந்தது. மண்டபம் ஹோவென்று கத்தியது, "சம்மதம்! சம்மதம்!" மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அத்தனை பெண்கள் முன்னால் முடியாது என்று யார் சொல்வது? நான்கு தாளிலும் மேலே பெயரையும் கீழே கையெழுத்தையும் மடித்து மூடினேன். கொட்டாம்பட்டிக்காரரை மேடைக்குக் கூப்பிட்டுக் கலைக்கச் சொன்னேன். சீட்டுக் கட்டு மாதிரி கலைத்தார். அதில் அவருக்குப் பழக்கம் இருந்தது தெரிந்தது. கலைத்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பேனாவால் எழுதினேன்.

எது யாருடையது என்று எனக்குத் தெரியும். எழுதியவளே நான்தானே. அதனால் பரீட்சைக்கு டிக்டேஷன் போடுகிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தேன். முகத்தைத் தாளைவிட்டு எடுக்கவில்லை.

பதில் ஒன்று: எம்.பி.க்களின் காஸ் கூப்பன் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்குவோம்.

பதில் இரண்டு: தனியார் கம்பெனிகளும் மானிய விலையில் காஸ் விற்க அனுமதி கொடுப்போம்.

பதில் மூன்று: கூப்பன் முறையை ஒழிப்போம். பதிவு வரிசைப்படிதான் இணைப்பு, வரிசைப் பட்டியலை ஏஜென்சி வாசலில் ஒட்டுவோம்.

பதில் நான்கு: ரேஷன் கடை மூலமாகச் சின்ன சிலிண்டர் கொடுப்போம்.

ஒன்றாம் பதிலைக் கேட்டதும் மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. மூன்றாம் பதிலை வாசித்தபோது கைதட்டல் கூரையைத் தொட்டது. பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள். மூன்று வரி, அலங்காரம் எதுவும் இல்லாத மூன்று வரி, அதற்கு மனிதர்கள் எழுந்து நிற்கிறார்கள்!

முதலில் வக்கீல் பேசினார். மூன்றாவது பதில் கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறைக்கு ஒத்துவராது, கோர்ட்டில் நிற்காது என்றார். தொழிற்சங்கக்காரர் நான்காவதைப் பற்றி விளக்கமாகப் பேசினார். அது அவர்கள் பதில்தான், அவர் ஒருத்தர்தான் படித்துவிட்டு வந்திருந்தார். அடுத்து பகுதி. கைதட்டல் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வதில் அவருக்குப் பல வருஷ அனுபவம்.

"ஒண்ணாம் நம்பரை எவன்யா எழுதுனது? கூப்பனை டபுள் ஆக்குவானாம்! அப்ப கூப்பன் இல்லாத ஏழை எங்க போவான்? தாய்மார்களே, மூணாம் நம்பர்! வரிசைன்னா வரிசை! அதைச் சொன்ன கட்சி எது தெரியுமா? எங்க கட்சி! நாங்கதேன்!"

மண்டபம் மறுபடி தட்டியது. நான் தாளைப் பிடித்தபடி நின்றேன். மூன்றாம் பதில் வக்கீலின் கட்சியுடையது. ஒன்றாம் பதில்தான் பகுதியின் கட்சியுடையது, கீழே அவர் கையெழுத்தோடு.

அந்தச் சில நொடிகளில் என் தலைக்குள் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். பேரைத் திறந்தால் இத்தனை பேர் முன்னால் மனிதர் குறுகிப்போவார். எழுந்து போவார், படம் ஓடும், எல்லாம் முடியும். திறக்காமல், 'விவரம் அடுத்த வாரச் செய்தியில்' என்று நழுவிவிடலாம். நழுவினால், கைதட்டிய பெண்கள் எல்லோரும் தப்பான கட்சியை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஒப்பிட உதவுகிறேன் என்று கூட்டிவந்து ஏமாற்றி அனுப்பியவள் ஆவேன். இதெல்லாம் எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. அப்படியும் ஏன் தயங்குகிறேன் என்று பார்த்தால், என் கண் அவருடைய சட்டைப் பையில் நின்றது. சட்டை மாறினாலும் அந்தப் பையின் காகிதங்கள் அவர் கூடவே வரும், உள்ளே எங்கள் வீட்டு விண்ணப்பம். அம்மாவின் இருமல். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. நழுவச் சொன்னது இரக்கம் இல்லை, கூப்பன்.

"பேரைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும்" என்றேன். டிக்டேஷன் குரலெல்லாம் எங்கோ போய்விட்டது. "எங்க வீட்டு காஸ் விண்ணப்பம் பகுதி அண்ணன்கிட்ட இருக்கு. கூப்பனுக்காகக் குடுத்தேன். இதை முதல்லயே உங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லலை."

கேபிள் அண்ணன் வாயைப் பிளந்து பார்த்தார். அப்புறம் நடு வரிசையிலிருந்து ஓர் அம்மாள் கேட்டார்:

"அதுக்கென்ன டீச்சர்? எங்க வீட்டுதும் அவர்கிட்டதான் இருக்கு!"

"எங்களுதும்!"

"எங்க வீட்டுது ரெண்டு வருசமா இருக்கு!"

இங்கேயும் அங்கேயும் கை தூக்கினார்கள். பாதி மண்டபம் கை தூக்கியது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பகுதி திருதிருவென்று விழித்தார். நான் ஒன்றாம் தாளையும் மூன்றாம் தாளையும் அவரிடமே கொடுத்தேன். திறப்பதை நான் செய்தால் அது காட்டிக்கொடுப்பது. அவர் கையால் திறந்தால் அவருக்கு என்ன செய்வது என்று தீர்மானிக்க ஓர் இடமாவது இருக்கும் என்று தோன்றியது.

"அண்ணே, நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

மூன்றைத் திறந்தார். வக்கீலைப் பார்த்தார். ஒன்றைத் திறந்தார். மேலே படித்தார், கீழே படித்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேபிள் அண்ணன் விரலை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. இப்போது போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மைக்கைக் கிட்டே இழுத்தார்.

"ஒண்ணாம் நம்பர் எங்களுது."

மண்டபம் வெடித்தது.

"சிரிங்க, சிரிங்க. கையெழுத்தும் என்னுதுதேன். படிக்காம போட்டேன். மூணாம் நம்பரு வக்கீல் கட்சி. கோர்ட்டுல நிக்காதுன்னாரு பாருங்க, அவரு கட்சிதேன்!" சிரிப்பு இப்போது வக்கீல் பக்கம் திரும்பியது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பகுதி கையைக் காட்டி அமர்த்தினார். "நான் மூணாம் நம்பரு நல்லாருக்குன்னு சொன்னேன். கைதட்டலைப் பாத்துத்தேன் சொன்னேன். ஆனா சொன்னது சொன்னதுதேன். இம்புட்டு வீட்டுக் காகிதம் எங்கிட்ட கெடக்கே, இது என்ன பெருமையா? எங்க கட்சி இதை மாத்தணும். மேல போய் நானே கேக்குறேன்."

என்ன கைதட்டல் அது! மூன்றாம் பதிலுக்குக்கூட அப்படித் தட்டவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், கேமராக்காரர் அதையும் எடுத்துத் தொலைத்தார். கேபிள் அண்ணன் டெக்கிலிருந்து கேசட்டை வெளியே எடுத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அடுத்த இரண்டு கேள்விக்கும் தாளை மறுபடி கலைத்து எண்ணை மாற்றினோம், மேடையில் ஒருவர்கூட 'அவர்களே' சொல்லவில்லை. தாள் திறக்கும் முன் மூன்று பேரும் ஒவ்வொரு பதிலையும் மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். தங்களுடையது எது என்று கண்டுபிடிக்கத்தான்!

கூட்டம் கலைந்ததும் என் விண்ணப்பத்தைத் திருப்பிக் கேட்டேன். பகுதி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அம்மாவுக்குக் கோபம். அவளுடைய இளைப்பை வைத்துக்கொண்டு நான் நல்லவள் பட்டம் வாங்கினேன் என்றாள். இணைப்பு வரிசைப்படி, வெகுநாள் கழித்து வந்தது. நீங்கள் யாரை ஒப்பிடுகிறீர்களோ, அவர்களிடம் உங்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தால், அதை முதல் நாளே மேசையில் போட்டுவிடுங்கள். நான் போட்ட மாதிரி கடைசி நொடியில் போட்டால் உங்களுக்கும் பாதி மண்டபம் கை தூக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

மறுநாள் காலை அந்த நான்கு தாளையும் ஜெராக்ஸ் எடுத்துக் கிராமங்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். கொட்டாம்பட்டிக்காரர் மட்டும் ஒரு கட்டு கேட்டிருந்தார். கேபிள் அண்ணன் படியேறி ஓடிவந்தார்.

"டீச்சர், பகுதி வாராரு. தனியா வாராரு. மொகம் சரியில்ல."

வந்து உட்கார்ந்தார். உறங்கியவர் மாதிரி தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்.

"மேலருந்து போனு. அந்தக் கையெழுத்து என்னுது இல்ல, டீச்சர் போலியாப் போட்டதுன்னு அறிக்கை விடச் சொல்றாக. இல்லைன்னா பொறுப்பை விட்டு எடுத்துருவாகளாம்."

அவர் அப்படி ஒரு வரி சொன்னால் போதும், எங்கள் தாள் அத்தனையும் குப்பை. நான்கு கட்சிக்காரரும் இனி எங்களை வாசலில் சேர்க்க மாட்டார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணே?"

"என் கையெழுத்து எனக்குத் தெரியாதான்னு கேட்டேன். பொறுப்பை எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேன்." துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அதுக்கு வரல டீச்சர். வீட்டுல அனுப்புனா. நேத்து டி.வி.ல பாத்துருக்கா. கல்யாணம் ஆன நாள்லருந்து நான் காட்டுன சின்னத்துலதேன் போடுவா. இப்ப அந்த நாலு தாளும் வேணுமாம். பேரு மூடுனதுதேன் வேணுமாம். நான் படிச்சுச் சொல்றேன்னா, வேணாம், நானே படிச்சுக்கிருவேங்கிறா."

நான்கு தாளை எடுத்து, பெயரையும் கையெழுத்தையும் மடித்து, எண் போட்டு, ஒரு கவரில் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு செட்டு குடுங்க டீச்சர்."

"அது யாருக்கு அண்ணே?"

"எனக்குத்தேன்" என்றார். "நானும் இன்னும் படிக்கலைல்ல."